ரேடியம் குளோரைடு: லோமோன் தெருவில் பிரிந்த உப்பு

புதிதாகத் தயாரித்த ரேடியம் குளோரைடு வெள்ளை உப்பு. இருட்டில் நீலப்பச்சையாக ஒளிரும், ஓயாமல் வெப்பமும் விடும். பாரிஸின் லா சப்பல் கடைகளுக்கு வரும் புறநகர் ஆர்ஜொந்தெய்த் தமிழர்களுக்கு இது பக்கத்துச் சங்கதிதான்: பாரிஸ் ஐந்தாம் வட்டாரத்து லோமோன் தெருவில், ஒரு பழங்கொட்டகையில்தான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள்.

1898 டிசம்பரில் மேரி கியூரி, பியர் கியூரி, குஸ்தாவ் பெமோன் மூவரும் ரேடியத்தை அறிவித்தபோது கையில் காட்ட எதுவும் இல்லை. மிகுந்த கதிரியக்கமும் நிறமாலையில் தெரிந்த புதுக்கோடும்தான் சான்று. யுரேனியத் தாதுவில் சுமார் முப்பது லட்சம் யுரேனிய அணுக்களுக்கு ஒரு ரேடியம் அணுவே இருக்கும். ஆகவே போஹிமியாவின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்தபின் கழித்த கசடை டன் கணக்கில் வரவழைத்தார்கள்.

அளவு குறைவு என்பதைவிடப் பெரிய தொல்லை, கசடில் கலந்திருந்த பேரியம். தனிம அட்டவணையில் கால்சியம், பேரியம், ரேடியம் எல்லாம் ஒரே தொகுதி. பேரியம் எந்த வினையில் வீழ்படிவாகிறதோ, ரேடியமும் அதோடு சேர்ந்தே இறங்கும். வித்தியாசம் ஒன்றுதான்: ரேடியம் குளோரைடு, பேரியம் குளோரைடைவிடச் சற்றுக் குறைவாகக் கரையும். கரைசலைக் காய்ச்சி ஆறவிட்டால் படிகத்தில் ரேடியத்தின் பங்கு கொஞ்சம் கூடும். உப்பளப் பாத்தியில் சோற்றுப்பு முதலில் விளைய, மக்னீசியம் உப்புகள் நீரிலேயே தங்குவதும் இதே கரைதிறன் கணக்குதான். பாத்தியில் ஒரே தடவையில் முடிவது இங்கே முடியாது. படிகத்தைக் கரைத்து, மறுபடி படியவைத்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 1902இல் மேரிக்குக் கிடைத்தது சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. அதைக் கொண்டு ரேடியத்தின் அணு எடை 225 என்று கணித்தார். இன்றைய மதிப்பு 226.

உலோகமாக ரேடியத்தைக் கண்டது 1910இல். மேரி, ஆந்த்ரே தெபியேர்னுடன் சேர்ந்து, பாதரச மின்வாய் வைத்து இதே குளோரைடை மின்னாற்பகுத்தார்.

பேரியத்தோடு பிரியாமல் ஒட்டிய அதே குணம் உடம்பிலும் வேலை செய்யும். ரேடியத்தைக் கால்சியம் என்று எடுத்துக்கொண்டு எலும்பு சேர்த்துவைக்கும். ஒளிரும் ரேடியச் சாயத்தைக் கடிகார முகப்பில் பூசிய அமெரிக்கப் பெண்கள் பலர், தூரிகையை உதட்டில் கூராக்கியதால் தாடையெலும்பு அழுகி மாண்டார்கள்.

இன்று மருத்துவர்கள் அந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார்கள். எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு, 11.4 நாள் அரை ஆயுள் கொண்ட ரேடியம்-223இன் குளோரைடை ஊசியாகச் செலுத்துகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2013இல் இதற்கு அனுமதி கிடைத்தது.