பூனைக்கும் காப்புறுதியா?

“யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்” என்பார்கள். செந்தூலில் பூனைகளுக்கு அந்தக் காலம் வந்துவிட்டது. என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்த நாளில், குடியிருப்பு வீடுகளில் பூனை இருந்தது எலி பிடிப்பதற்காக. மீன் தலையும் மிச்சச் சோறும் அதற்குப் போதும். இன்றோ அதே வட்டாரத்து அடுக்குமாடிகளில் சட்டை அணிந்த பூனைகளைக் காண்கிறோம். காரணம், அவற்றின் உடலில் ரோமம் இல்லை.

‘ஸ்பிங்ஸ்’ எனப்படும் இந்தப் பூனையை வாங்க நம் மாணவர்களும் வேலைக்குச் சென்றுவிட்ட முன்னாள் மாணவர்களும் ஆசைப்படுகின்றனர். கூடவே, “காப்புறுதி எடுத்துவிட்டால் கவலை இல்லை” என்ற எண்ணமும் பரவி வருகிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதையே இக்கட்டுரையில் விளக்க முனைகிறேன்.

ரோமம் இல்லாத பூனை

1966-ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோ நகரில், சாதாரண வீட்டுப் பூனை ஒன்று ரோமமற்ற குட்டியை ஈன்றது. இன்றுள்ள ஸ்பிங்ஸ் பூனைகள், 1970-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அவ்வாறே பிறந்த பூனைகளின் வழிவந்தவை. ரோமத்தை உருவாக்கும் புரதத்துக்குரிய மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே இதற்குக் காரணம் என்று 2010-இல் கண்டறிந்தனர்.

ரோமம் இல்லையென்றால் வேலை மிச்சம் என்று நினைக்க வேண்டாம். மற்றப் பூனைகளின் தோலில் சுரக்கும் எண்ணெயை ரோமம் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பிங்ஸ் பூனைக்கு அது தோலிலேயே தங்கி அழுக்காகும். ஆகவே ஏறக்குறைய வாரம் ஒருமுறை மென்மையான ஷாம்பூவால் குளிப்பாட்ட வேண்டும். காதில் சேரும் பழுப்பு மெழுகையும் நக இடுக்குகளையும் துடைத்துவிட வேண்டும். நம் ஊர் வெயில் நேரே பட்டால் தோல் வெந்துபோகும். குளிரூட்டி அறையிலோ நடுங்கும். உடல் சூடு விரைவில் வெளியேறுவதால் பசியும் அதிகம். “ரோமம் இல்லை, ஒவ்வாமை வராது” என்பதும் தவறு. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கிறது.

வீட்டு வைத்தியத்திலும் எச்சரிக்கை தேவை. காய்ச்சல் என்று நாம் விழுங்கும் பனடோல் பூனைக்கு நஞ்சு. அதிலுள்ள பாரசிட்டமோலைப் பூனையின் கல்லீரலால் முறையாகக் கழிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும். யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம் போன்றவற்றையும் அதன் தோலில் தடவக் கூடாது.

இதயத்தில் ஒளிந்திருக்கும் நோய்

இந்த இனத்தை அச்சுறுத்தும் பெரிய நோய் இதயத் தசைத் தடிப்பு. இதயச் சுவர் தடித்து, இரத்தம் நிரம்ப வேண்டிய இடம் சுருங்குகிறது. பூனை ஓடும், விளையாடும். வெளியே ஒன்றும் தெரியாது. முற்றிய பிறகு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். இதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி நகர்ந்து குழாயை அடைத்தால், பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து குளிர்ந்துவிடும். பூனை வலியால் அலறும். சில பூனைகள் எந்த அறிகுறியும் இன்றியே இறந்துவிடுகின்றன.

ஸ்பிங்ஸ் இனத்தில் இந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றத்தை ஆய்வாளர்கள் 2021-இல் அறிவித்தனர். ஆனால் மரபணுச் சோதனை மட்டும் போதாது. ‘எக்கோ’ எனப்படும் இதய ஸ்கேன்தான் தடிப்பை அளந்து காட்டும். அதையும் ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிட முடியாது. பின்னாளிலும் நோய் தோன்றலாம்.

காப்புறுதி எதைக் காக்கும்?

செல்லப்பிராணிக் காப்புறுதி புதிதன்று. ஸ்வீடனில் 1924-இலேயே நாய்க்குக் காப்புறுதி விற்றார்கள். அமெரிக்காவில் 1982-இல் முதல் பத்திரம் தொலைக்காட்சிப் புகழ் ‘லாஸி’ நாய்க்கு வழங்கப்பட்டது. மலேசியாவிலும் இப்போது பூனைகளுக்குத் திட்டங்கள் கிடைக்கின்றன.

ஆனால் காப்புறுதியின் அடிப்படை விதி ஒன்றுதான்: நடக்குமோ நடக்காதோ என்ற ஆபத்துக்கே அது பொறுப்பேற்கும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அன்று. பிறவிக் குறைகளையும் பரம்பரை நோய்களையும் பல திட்டங்கள் விலக்கிவிடுகின்றன. தடுப்பூசி, கருத்தடை போன்ற வழக்கமான செலவுகளும் பெரும்பாலும் சேரா. ஸ்பிங்ஸ் பூனைக்கு மிகவும் தேவைப்படக்கூடிய சிகிச்சை இதய சிகிச்சை. பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கக்கூடியதும் அதுவே.

எங்கள் அடுக்குமாடியில் வசிக்கும் அக்கா ஒருவர், வெளிநாடு சென்றவரிடமிருந்து இரண்டு வயது ஸ்பிங்ஸ் பூனையை வாங்கினார். மூன்று மாதம் கழித்துக் காப்புறுதியும் எடுத்தார். “எல்லாம் அடங்கும்” என்றார் முகவர். பிறகு பூனைக்கு மூச்சுத் திணறல். ஸ்கேனில் இதயத் தடிப்பு. இழப்பீடு கோரியபோது நிறுவனம் மறுத்துவிட்டது. பழைய தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் ‘இதயத்தில் முணுமுணுப்பு ஒலி’ என்று மருத்துவர் எழுதியிருந்தார். அந்தத் தேதி பத்திரத் தேதிக்கு முந்தியது. முகவர் வாயால் சொன்னது நிற்கவில்லை. பத்திரத்தில் அச்சிட்டதே நின்றது. அக்கா தம் சேமிப்பிலிருந்து செலவழித்தார். பூனை இன்று மாத்திரையோடு வாழ்கிறது.

இழப்பீடு கிடைக்கும்போதும் கணக்குப் பார்க்க வேண்டும். மருத்துவச் செலவு 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் 200 வெள்ளி நம் பொறுப்பு, மீதியில் 80 விழுக்காடு நிறுவனத்தின் பொறுப்பு என்றால் நமக்குக் கிடைப்பது 1,440 வெள்ளி. ஆண்டு உச்சவரம்பு 1,000 வெள்ளி என்றிருந்தால் 1,000தான். அதுவும் பல திட்டங்களில் நாம் முதலில் கட்டணம் செலுத்திவிட்டுப் பின்னரே கோர வேண்டும். அவசர இரவில் கையில் பணம் இருந்தே ஆக வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, குட்டியை வாங்குமுன் தாய் தந்தைப் பூனைகளின் இதய ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது, காப்புறுதி எடுப்பதாயின் பூனை இளமையாகவும் நலமாகவும் இருக்கும்போதே எடுங்கள். விலக்குகள், காத்திருப்புக் காலம், வயது வரம்பு, உச்சவரம்பு ஆகிய நான்கையும் படியுங்கள். பரம்பரை நோய் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையை மறைக்காமல் விடையளியுங்கள்.

மூன்றாவது, மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். விலக்குப் பட்டியல் இல்லாத காப்புறுதி அது ஒன்றே.

நான்காவது, பூனை உறங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணிப் பழகுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் செல்லுங்கள். வட்டார மருத்துவரிடம் ஸ்கேன் வசதி இல்லையெனில், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

இது வெறும் அன்பு சார்ந்த செய்தி மட்டுமன்று. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கும் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை. கொடுமை இழைத்ததாக நிரூபணமானால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

“மனிதனுக்கே வழியில்லை, பூனைக்குக் காப்புறுதியா?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு என் விடை இதுதான்: வசதி இல்லையென்றால் ஸ்பிங்ஸ் வளர்க்காமல் இருப்பது குற்றமன்று, தெருவில் தவிக்கும் நாட்டுப் பூனைகள் எத்தனையோ உள்ளன, அவற்றுள் ஒன்றுக்குச் சோறிடலாம். ஆனால் வீட்டுக்குள் அழைத்து வந்த பின், அதன் நோய்க்கும் நாமே பொறுப்பு. காப்புறுதிப் பத்திரம் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்கலாம், முழுவதையும் ஏற்காது.