பந்தயச் சாரதியின் பாதங்கள்

சாரதி என்னுஞ் சொல் தேரோடு வந்தது. தேர்ச்சாரதியின் திறமை கடிவாளம் பிடித்த கையிலே விளங்கிற்று. மோட்டார்ப் பந்தயச் சாரதியின் திறமையோ, காண்போர் கண்ணுக்குப் புலப்படாத காலிலே பெரிதுந் தங்கியுள்ளது. அவன்முன் உள்ள மிதிகள் மூன்று: இடப்புறங் கிளச்சு, நடுவே பிறேக்கு, வலப்புறம் ஆர்முடுக்கி. அவனுக்கு உள்ள பாதங்களோ இரண்டே. வளைவொன்றை அணுகுங்கால் மூன்று மிதிகளையும் ஒருங்கே ஆளவேண்டிய நிலை நேர்கின்றது. இவ்விடர்ப்பாட்டிலிருந்தே பந்தயக் கால்வித்தை பிறந்தது எனலாம்.

வளைவை அணுகுஞ் சாரதி முதலிற் பிறேக்கை அழுத்துகின்றான். அப்பொழுது பாரம் முன்சில்லுகளின் மேற் சாய்தலால், பின்சில்லுகள் தரையைப் பற்றும் வலி குன்றுகின்றது. வளைவினின்றும் விரைந்து வெளியேறுதற்கு வேண்டிய கீழ்க்கியரையும் அவன் அவ்வேளையிலேயே பூட்டுதல் வேண்டும். மேற்கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழல்கின்றது எனக் கொள்க. அதே வேகத்திற் கீழ்க்கியர் 5,500 சுழற்சிகளை வேண்டி நிற்கலாம். ஆர்முடுக்கியை விட்டுக் கியரை மாற்றின், எஞ்சினின் சுழற்சி கூடுதற்குப் பதிலாகக் குறைந்துவிடும். அந்நிலையிற் கிளச்சை விடின், எஞ்சினை இழுத்து முடுக்கும் பொறுப்பு அதனோடு பிணைந்த பின்சில்லுகளைச் சாரும். ஏலவே பற்றுக் குன்றிய அச்சில்லுகள் அவ்வதிர்ச்சியைத் தாங்கா, வழுக்கும். வண்டி சுழன்று தடத்தை விட்டகலும்.

இவ்விபத்தைத் தவிர்க்கும் உபாயமே குதி-விரல் முறை எனப்படுவது. வலப்பாதத்தின் முற்பகுதி பிறேக்கை அழுத்தி நிற்க, அதன் குதி ஆர்முடுக்கியை ஒரு கணந் தட்டுகின்றது. இடப்பாதம் கிளச்சை ஆள்கின்றது. எஞ்சின் வேண்டிய சுழற்சியை எட்டுந் தறுவாயிற் கிளச்சு விடப்படுதலாற் சில்லுகள் அதிர்ச்சி அறியா. பெயர் இவ்வாறாயினும், பெருவிரற் பக்கத்தாற் பிறேக்கையும் சிறுவிரற் பக்கத்தால் ஆர்முடுக்கியையும் மிதிப்போர் பலர். ஆர்முடுக்கியைத் தட்டும்போது பிறேக்கின் அழுத்தம் சிறிதும் மாறலாகாது என்பதே இதன்கண் உள்ள அருமை.

முன்சில்லுகளை எஞ்சின் இயக்கும் வண்டிகள் வேறொரு வித்தையை வேண்டின. அவை பனிபடர்ந்த வளைவிலே திரும்ப மறுத்து நேரே செல்லும் இயல்பின. வலக்கால் ஆர்முடுக்கியை விடாதிருக்க, இடக்கால் பிறேக்கை மிதிப்பின், முன்சில்லுகளை எஞ்சின் தொடர்ந்து சுழற்றும். பின்சில்லுகளோ பிறேக்குக்கு மட்டும் ஆட்பட்டுச் சறுக்கும். வண்டியின் பின்புறம் வெளியே ஒதுங்க, முன்புறம் வளைவை நோக்கும். 1960களிற் சாப் வண்டி செலுத்திய சுவீடன் நாட்டு எரிக் கார்ல்சனும், மினி கூப்பர் செலுத்திய பின்லாந்து நாட்டு றவுனோ ஆல்டொனெனும் இம்முறையாற் புகழ்பெற்றனர். கார்ல்சன் 1962, 1963ஆம் ஆண்டுகளிலும், ஆல்டொனென் 1967ஆம் ஆண்டிலும் மொன்டி கார்லோ ஓட்டத்தில் வெற்றி கண்டனர். முன்னைய முறை சறுக்கலைத் தவிர்ப்பது. இது சறுக்கலை ஏவல் கொள்வது.

1989ஆம் ஆண்டுப் பிரேசில் கிராண்ட் பிறீப் பந்தயத்தில் நைஜல் மான்செல் செலுத்திய பெராரி வண்டி முதலிடம் பெற்றது. அதன் கியர்கள், கைகொண்டு திருப்புஞ் சில்லின் பின்னிருந்த நெம்புகளால் மாற்றப்பட்டன. கியர் மாற்றும்போது கிளச்சை மிதிக்கும் வேலை அவ்வகை வண்டிகளில் ஒழிந்தது. காலப்போக்கிற் கிளச்சு மிதியும் மறைந்தது. இன்றைய போமுலா 1 வண்டியில் மிதிகள் இரண்டே. கீழ்க்கியருக்கு வேண்டிய சுழற்சியை மின்னணுக் கருவியே அளிக்கின்றது.

எனினும், பாதத்தின் பொறுப்பு நீங்கிற்றில்லை. விரைந்தோடும் பந்தய வண்டியைக் காற்றுத் தரையோடு அழுத்துகின்றது. வேகங் குறையுந்தோறும் அவ்வழுத்தமும் குறையும். ஆகலின், முதலில் வன்மையாக மிதித்த பிறேக்கைச் சாரதி படிப்படியே தளர்த்தல் வேண்டும். வண்டியைத் திருப்பத் தொடங்கிய பின் இன்னுஞ் சிறிது தளர்த்தல் வேண்டும். ஏனெனில், ரயர் தரையைப் பற்றும் ஆற்றல் எல்லையுடையது. நிறுத்தலும் திருப்பலும் அதனைத் தம்முட் பங்கிட்டுக்கொள்வன. எல்லையைக் கடந்தவன் தடத்தை இழக்கின்றான். உயிரையும் இழத்தல் கூடும். எல்லைக்கு நெடுந்தொலைவில் நிற்பவனோ பந்தயத்தை இழக்கின்றான். அவ்வெல்லையை மிதியின் நடுக்கத்தாலும் இருக்கையின் அசைவாலும் உணர்ந்து, அதனைக் கடவாது நிற்பதே பந்தயச் சாரதியின் கலையாகும்.