மின்கம்பி எட்டாத நாளின் ரேடியோப் பெட்டிகள்

செஞ்சி வட்டாரத்தில் பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டுங்கால், பரண்மீதிருந்து மரக்காலும் பித்தளைத் தவலையும் இறங்குவதோடு, சிற்சில வேளைகளில் ஒரு மரப்பெட்டி ரேடியோவும் இறங்குவதுண்டு. ஊராட்சிகளின் பாழடைந்த ரேடியோ அறைகளிலும் இத்தகையவை கிடைத்தல் கூடும். சுவரில் செருகும் பிளக்கு அவற்றில் இராது. பின்புறம் பல நிறத்துக் கம்பிகள் மட்டும் தொங்கும். பிளக்கு அறுந்து போயிற்றென எண்ணி, புதிதாக ஒன்றைக் கட்டி வீட்டு மின்சாரத்தில் செருகிவிடுவாருமுளர். 230 வோல்ட் பாய்ந்த கணத்திலேயே உள்ளிருக்கும் வால்வுகள் கருகிப்போம். உண்மையில் அப்பெட்டியில் யாதொரு குறையும் இல்லை. மின்கம்பி எட்டாத ஊர்களுக்கென்றே, பாட்டரியில் ஓடுமாறு அது செய்யப்பட்டது.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சி நிலையம் 1939 மே 16இலும் திறக்கப்பட்டன. பைக்காராவில் 1932இலேயே நீர்மின்சாரம் உண்டாக்கப்பட்டதாயினும், அது சிற்றூர்களை எட்ட நெடுங்காலம் சென்றது. மேலும், தொடக்கத்தில் சென்னையின் மத்திய அலைக் கருவி கால் கிலோவாட் ஆற்றலே உடையது. சிற்றலைக் கருவியோ 10 கிலோவாட். நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள இராசகிரி அடிவாரத்தில் சென்னையைக் கேட்கச் சிற்றலையே துணை. ஆதலின், அக்காலத்துக் கிராமப் பெட்டியின் முகப்பில் சிற்றலைக் கோடுகள் காணப்படுவது ஆடம்பரத்தின் பொருட்டன்று.

இப்பெட்டிகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதல் வகை உலர் பாட்டரியில் ஓடுவது. இதற்கு இரண்டு மின்னழுத்தங்கள் வேண்டும்: வால்வின் இழையைச் சூடேற்ற ஒன்றரை வோல்ட், வால்வு தன் வேலையைச் செய்ய 90 வோல்ட். ஒன்றரை வோல்ட் கலங்கள் அறுபதை வரிசையாகக் கோத்தே அந்த 90 வோல்ட் பாட்டரியை அந்நாளில் செய்தனர். அமெரிக்கப் பெட்டிகளில் இழைக்குரிய கம்பிக்கு ‘ஏ’ என்றும், உயரழுத்தக் கம்பிக்கு ‘பி’ என்றும் குறி இருக்கும். ஆங்கிலேயப் பெட்டிகளில் ‘எல்.டி.’, ‘எச்.டி.’ என்றிருக்கும். இவ்விரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒரே தவற்றில் எல்லா வால்வுகளும் போம். இரண்டாம் வகைக்கு இழைமின்சாரம் 2 வோல்ட் ஈய அமிலக் கலத்திலிருந்து வரும். அக்கலத்தை அவ்வப்போது டவுனுக்கு எடுத்துச் சென்று சார்ஜ் ஏற்றி வருதல் அந்நாளைய வேலைகளுள் ஒன்று.

மூன்றாம் வகை, 6 வோல்ட் மோட்டார் பாட்டரி ஒன்றினாலேயே முழுதும் ஓடுவது. இதனுள் ‘வைப்ரேட்டர்’ என்னும் உலோகக் குப்பி உண்டு. அதனுள்ளிருக்கும் நாக்கு நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவை அதிர்ந்து நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்க, டிரான்ஸ்பார்மர் அதை உயரழுத்தமாக்கும். முடுக்கியவுடன் வண்டின் ரீங்காரம் போல் எழும் ஓசை இதன் அடையாளம். பருமனான இரண்டு கம்பிகளும், அவற்றின் முனையில் பாட்டரியைக் கவ்வும் கிளிப்புகளும் மற்றோர் அடையாளம். இங்குள்ள ‘பஃபர்’ கண்டென்சர் பழுதுபட்டால் வைப்ரேட்டரும் உடன் கெடும். ஆகவே பாட்டரியைப் பூட்டுமுன் அதைப் புதிதாக மாற்றுவது நலம்.

ஐயம் நீங்காதவிடத்து வால்வின்மேல் எழுதியிருப்பதைப் படித்தல் வேண்டும். ஐரோப்பியக் குறியில் முதலெழுத்து ‘டி’ எனின் 1.4 வோல்ட், ‘கே’ எனின் 2 வோல்ட், ‘ஈ’ எனின் 6.3 வோல்ட். டி.கே.91, டி.எஃப்.91, டி.ஏ.எஃப்.91, டி.எல்.92 என்னும் நான்கும் சேர்ந்திருந்தால் அது உலர் பாட்டரிப் பெட்டியே. அமெரிக்கக் குறியில் முதலெண் 6 எனின் 6.3 வோல்ட். 1 என்னும் எண்ணில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: பிற்காலத்தவை 1.4 வோல்ட், 1சி6 போன்ற முந்தியவை 2 வோல்ட். மேற்கூறிய நான்கு வால்வுகளின் இழை நலமாயுள்ளதா என்பதை, முதலாம் ஊசிக்கும் ஏழாம் ஊசிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

‘யு’ என்று தொடங்கும் வால்வுகள் காணப்படின் அது பாட்டரிப் பெட்டியன்று. வீட்டு மின்சாரம் நேரே அதன் தகரச் சட்டத்திலேயே ஏறக்கூடுமாதலால், தொடுவது உயிருக்கு ஆபத்து.

1960களில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவவே இவற்றுக்கு மவுசு குறைந்தது. ஆயினும், ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைத் தஞ்சை உழவர் ‘ரேடியோ நெல்’ என்றே அழைக்கும் அளவுக்கு வானொலியின் சொல் வயலுக்குச் சென்ற காலம் அது. ஊராட்சிக்குச் சொந்தமான பெட்டியைத் தளவாடப் பதிவேட்டில் ஏற்றாமல் இரும்பு விலைக்கு நிறுத்துப் போடுதல் கணக்குக்கும் ஒவ்வாது, ஊருக்கும் இழப்பு.

உலர் பாட்டரிப் பெட்டியை மீண்டும் பேசவைக்கப் பெருஞ்செலவு இல்லை. பழைய காகிதக் கண்டென்சர்களை மாற்றியபின், பெரிய டார்ச் பாட்டரி ஒன்றை இழைக்கும், 9 வோல்ட் பாட்டரிகள் பத்தை வரிசையாகக் கோத்து உயரழுத்தத்துக்கும் கொடுத்தால் போதும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கேட்பின், அப்பத்துப் பாட்டரிகளும் சில வாரம் வரும். பத்தும் சேர்ந்த முனைகளை வெறுங்கையால் தொடலாகாது. இழைக் கம்பியை முதலில் பூட்டி, மீட்டரில் ஒன்றரை வோல்ட் காட்டுவதைக் கண்ட பின்னரே மற்றதைப் பூட்டுக.