அடுப்பங்கரைக்கு அளவு எடுத்தாச்சா?

வீட்ல புது வீடு கட்டுறாங்களா? இல்ல, பழைய வீட்டுக்கு மேல மாடி எடுக்குறாங்களா? அப்போ இந்த சீன் நடந்து முடிஞ்சிருக்கும், இல்லாட்டி இந்த வாரம் நடக்கும். கொத்தனார் டேப்போட நின்னுக்கிட்டு, "சமையல் மேடை எந்தப் பக்கம் சார்?"னு கேட்பார். அப்பா வாஸ்து சொல்வார். மாமா சென்னையில பார்த்த மாடுலர் கிச்சன் பத்திச் சொல்வார். சித்தப்பா தன்னோட ஃப்ரெண்டு கிரானைட் கடை பத்திச் சொல்வார். அந்த மேடை முன்னால அடுத்த இருபது வருஷம் நிக்கப்போற அம்மா மட்டும், இவங்க எல்லாருக்கும் டீ போடப் போயிருப்பாங்க.

இந்த இடத்துலதான் நீங்க என்ட்ரி குடுக்கணும். சுவர் பெயின்ட் பிடிக்கலைன்னா அடுத்த தீபாவளிக்கு மாத்திக்கலாம். கல்லு பதிச்சு, குழாய் புதைச்சு, டைல்ஸ் ஒட்டின பிறகு அடுப்பங்கரையை மாத்தணும்னா மறுபடியும் சம்மட்டிதான். அதுவும் தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்னா, கேட்லாக்கில் இருக்கிற பாதி ஐட்டம் நம்ம காத்துக்குத் தாங்காது.

படி எண்ணின பொண்ணு

மேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். இன்னிக்கு நாம 'மாடுலர்'னு சொல்ற சமையலறைக்கு எல்லாம் பாட்டி, ஜெர்மனியில 1926-ல் பிறந்த 'ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன்'. டிசைன் பண்ணினவங்க மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி, வியன்னாவைச் சேர்ந்த ஆர்க்கிடெக்ட். முதல் உலகப்போருக்குப் பிறகு ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி தொழிலாளர்களுக்காக ஆயிரக்கணக்கில் வீடு கட்டினப்போ, சமையலறை இவங்க பொறுப்பு. ஒரு பொம்பளை சமைக்கும்போது எத்தனை அடி நடக்கிறா, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்குப் பார்த்தே பிளான் போட்டாங்க. மாடல் எது தெரியுமா? ரயில்ல இருக்கிற டைனிங் கார். அந்தக் குறுகலான இடத்துல அத்தனை பேருக்குச் சமைக்க முடியுதுன்னா, வீட்ல ஏன் முடியாது?

1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். நம்ம கணக்குல சுமார் 70 சதுர அடி. அதுக்குள்ள உட்கார்ந்து காய் நறுக்க ஸ்டூல், நறுக்கின குப்பை நேரா விழ ஒரு டிராயர், மாவு சர்க்கரைக்கெல்லாம் பேர் போட்ட அலுமினிய டப்பா. கிட்டத்தட்ட 10,000 வீட்டுக்கு இதைப் போட்டாங்க. இதுல செம காமெடி என்னன்னா, அதை டிசைன் பண்ற வரைக்கும் தனக்குச் சமையலே தெரியாதுன்னு பிற்பாடு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க. (சமையலறையை வச்சு மட்டும் அவங்களை எடை போட்டுடாதீங்க. ஹிட்லரை எதிர்த்த இயக்கத்துல சேர்ந்து, 1941-ல் கைதாகி, போர் முடியுற வரைக்கும் ஜெயில்ல இருந்தவங்க. 2000-ல், 103-வது பிறந்தநாளுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் இறந்தாங்க.)

சமைக்கத் தெரியாதவங்களாலயே அளந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடிஞ்சிருக்கு. அப்போ உங்களால முடியாதா? அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில செல்போனை ஓரமா வச்சுட்டு ஒரு மணி நேரம் அடுப்பங்கரை வாசல்ல உட்காருங்க. அடுப்பு, தண்ணித் தொட்டி, ஃப்ரிட்ஜ், இந்த மூணுக்கும் நடுவுல அம்மா எத்தனை தடவை போய் வர்றாங்க, எதுக்குக் குனியறாங்க, எதுக்கு எக்குறாங்கன்னு ஒரு பேப்பர்ல குறிங்க. இட்லி மாவு டப்பாவுக்கு ஏன் ஒவ்வொரு நாளும் ஸ்டூல் ஏறணும்னு அன்னிக்குத்தான் உங்களுக்கே தோணும். புது வீட்டு அடுப்பங்கரைக்கு முதல் பிளான் அந்தப் பேப்பர்தான்.

மேடை உயரம் யாரோடது?

அமெரிக்காவுல சமையல் மேடை 36 அங்குலம். நம்ம ஊர்ல பல இடத்துல அதையே அப்படியே காப்பி அடிக்கிறாங்க. ஆனா அம்மா 5 அடின்னா? நேரா நிக்கச் சொல்லி முழங்கையை மடக்கச் சொல்லுங்க. தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடிச்சா 37, 38 அங்குலம் வரும். அதுல 4-லிருந்து 6 அங்குலம் கழிச்சா கிடைக்கிறதுதான் அவங்களுக்கான மேடை. அதாவது 31-லிருந்து 34-க்குள்ள. 36-ல போட்டா சப்பாத்தி தேய்க்கத் தோளைத் தூக்கணும், 28-ல போட்டா முதுகு வளையும். ரெண்டுமே தினம் மூணு வேளை.

இன்னொரு விஷயம். மேடை மேல அடுப்பு, அடுப்பு மேல இட்லிக் கொப்பரை. உள்ள வெந்துச்சான்னு எட்டிப் பார்க்கணும்னா? அடுப்பு வைக்கிற பகுதியை மட்டும் மூணு, நாலு அங்குலம் இறக்கிப் போடலாம். கொத்தனாருக்கு இதனால பெரிசா வேலை கூடாது. ஆனா நீங்க கேட்கலைன்னா அவரா போட மாட்டார்.

மீனுக்கு ஒரு இடம்

இப்ப நம்ம ஊர் ஸ்பெஷலுக்கு வருவோம். எந்த மாடுலர் கேட்லாக்கை வேணும்னாலும் புரட்டுங்க. கத்தி வைக்க ஸ்டாண்ட் இருக்கும், வைன் பாட்டிலுக்குக் கூட ரேக் இருக்கும். சாளை கழுவ இடம் இருக்காது! நம்ம வீடுகள்ல மீனை நின்னுக்கிட்டு யாரும் வெட்டுறதில்ல. புறவாசல்ல அரிவாள்மனை போட்டு உட்கார்ந்துதான் செதில் எடுப்பாங்க. பளபள சிங்க்குல நெத்திலி கழுவினா என்ன ஆகும்? செதில் போய் குழாயை அடைக்கும், வீச்சம் ராத்திரி வரைக்கும் ஹாலுக்கு வரும்.

பழைய வீடுகள்ல இதுக்குன்னே அங்கணம் இருந்துச்சு. புதுசா கட்டுறவங்க பலரும் அதை 'பழைய ஸ்டைல்'னு தூக்கிட்டாங்க. என்னைக் கேட்டா, கடலோர வீட்டு அடுப்பங்கரையில முதல்ல கேட்டு வாங்க வேண்டிய வசதி அதுதான். சிம்னியெல்லாம் அதுக்குப் பிறகு. பின்வாசலை ஒட்டி ரெண்டடிக்கு ரெண்டடி வழவழன்னு ஒரு கல், உட்கார்ந்தபடி எட்டுற மாதிரி தரையிலிருந்து ஒண்ணரை அடியில ஒரு குழாய், வாட்டம் குடுத்த தரை, செதில் நிக்க ஒரு ஜல்லடை மூடி, தலைக்கு மேல ஒரு பல்பு. பூனை வராம இருக்கச் சின்னதா ஒரு தடுப்பும் வச்சுக்கோங்க, அதுக்கு எந்த என்ஜினீயரும் கியாரண்டி தர மாட்டார்.

உப்புக் காத்து வில்லன்

தமிழ்நாட்டு உப்புல பெரும்பங்கு நம்ம மாவட்டத்துலதான் விளையுது. பெருமைதான். ஆனா அதே உப்பு காத்துல வந்து கதவுக் கீலைத் தின்னும். கடையில "எஸ்.எஸ். சார், துருவே பிடிக்காது"ன்னு சொல்லிக் கூடை, ரேக், சிங்க் காட்டுவாங்க. எந்த கிரேடுன்னு கேளுங்க. 202-ன்னா அதுல நிக்கல் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்திருப்பாங்க. விலை குறைவு, கடல்காத்துல சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 316-ல் கூடவே ரெண்டு, மூணு சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்போட குளோரைடு ஸ்டீலைக் குழி பறிக்காமத் தடுக்கிறது இந்த மாலிப்டினம்தான்.

"மேக்னட் ஒட்டலைன்னா ஒரிஜினல் எஸ்.எஸ்."னு ஒரு டெஸ்ட் காட்டுவாங்க. நம்பாதீங்க பாஸ்! 202-லயும் மேக்னட் சரியா ஒட்டாது, 304-லயும் ஒட்டாது. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் பசங்க இதை நல்லாவே விளக்குவாங்க. பில்லுல கிரேடு நம்பரை எழுதி வாங்குறதுதான் வழி. எல்லாத்துக்கும் 316 தேவையில்ல, பர்ஸ் பழுத்துடும். சிங்க்குக்கு 304 போதும், உப்புத்தண்ணி பட்டா நல்லதண்ணியில துடைச்சு வைக்கணும், அவ்வளவுதான்.

பலகை மேட்டர் இன்னும் மோசம். பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். ரெண்டுமே தண்ணி இறங்கினா ஊறி உப்பிடும், காய்ஞ்சாலும் பழைய ஷேப்புக்கு வராது. மரப்பலகைதான் வேணும்னா ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மெரைன் பிளை கேளுங்க. இல்லைன்னா நம்ம பழைய ஹீரோ இருக்காரே, கடப்பா கல்! மேடைக்குக் கீழ கடப்பா கல்லுல தட்டு அடிச்சா துரு இல்ல, கரையான் இல்ல, ஊறாது. மேடை மேல மட்டும் அதைப் போடாதீங்க. அது சுண்ணாம்புக்கல் ஜாதி, புளியும் எலுமிச்சையும் பட்டா கறை பிடிச்சு அரிச்சிடும். மேல கிரானைட், கீழ கடப்பா. கதவு வேணும்னா பி.வி.சி. அல்லது அலுமினியம்.

குழாயும் அப்படித்தான். தாமிரபரணியிலிருந்து வர்ற நல்லதண்ணி ஒரு லைன், போர்வெல் உப்புத்தண்ணி ஒரு லைன்னு ஆரம்பத்துலயே பிரிச்சு, பிளாஸ்டிக் பைப்பாவே போட்டுடுங்க. பாத்திரம் தேய்க்க ஒண்ணு, அரிசி களைய ஒண்ணு, சிங்க் மேல ரெண்டு குழாய். பின்னாடி சுவரை உடைச்சு இன்னொரு லைன் இழுக்கிற செலவுக்கு இப்ப ஆகுறது சும்மா சில்லறை.

2023 டிசம்பரை மறந்துடாதீங்க

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். நம்ம மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுற மழையை விட அதிகம்! ஸ்ரீவைகுண்டத்துல ரயில் சிக்கி நூத்துக்கணக்கான பயணிகள் மாட்டிக்கிட்டப்போ, பக்கத்து புதுக்குடி ஊர்க்காரங்கதான் சமைச்சுப் போட்டாங்க. தூத்துக்குடி டவுன்ல பல தெருவுல நாள் கணக்கா தண்ணி வடியல. அப்போ முதல்ல முழுகினது தரையோட ஒட்டி இருந்தது எல்லாம்தான்: ஃப்ரிட்ஜ் மோட்டார், கிரைண்டர், கீழ வச்ச பிளக் பாயின்ட், அரிசி மூட்டை.

அதனால பிளக் பாயின்ட் எல்லாம் மேடைக்கு மேலதான், ஃப்ரிட்ஜுக்கும் கூட. அரிசி, பருப்பு தட்டு இடுப்பு உயரத்துக்கு மேல. தரைக்கடியில தண்ணித் தொட்டி கட்டினா அதோட வாயைத் தரை மட்டத்துல விடாம நல்லா உயர்த்திக் கட்டுங்க, இல்லைன்னா தெருத்தண்ணி முதல்ல அதுக்குள்ளதான் இறங்கும்.

இப்ப பிசிக்ஸ் பசங்களுக்கு ஒரு கேள்வி: ஃபுல் கேஸ் சிலிண்டர் வெள்ளத்துல முழுகுமா, மிதக்குமா? கேஸ் 14.2 கிலோ, இரும்புக்கூடு சுமார் 15, 16 கிலோ. மொத்தம் 30 கிலோ. ஆனா அது இடம்பிடிக்கிற தண்ணி 35 லிட்டருக்குக் குறையாது. ஆர்க்கிமிடீஸ் தாத்தா கணக்குப்படி ஃபுல் சிலிண்டரே மிதக்கும்! மிதந்தா டியூபை இழுக்கும், சரியும். சுவர்ல ஒரு கொக்கியும் சங்கிலியும் மாட்டி வச்சா வேலை முடிஞ்சது, தண்ணி ஏறும்போதே ரெகுலேட்டரையும் கழட்டிடுங்க. சமையல் கேஸ் காத்தை விட கனம்கிறதையும் மறக்காதீங்க. லீக் ஆனா தரையிலதான் தேங்கும். மேல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போதாது, சிலிண்டர் பக்கம் தரையோரமா வெளிச்சுவர்ல ஒரு ஜல்லடை ஓட்டை கண்டிப்பா வேணும்.

ரெண்டாவது ஆளுக்கு நாலடி

ஃபிராங்க்ஃபர்ட் கிச்சனைப் புகழ்ந்தாச்சு, அதோட குறையையும் சொல்லணும். அதுல ஒரே ஒரு ஆள்தான் நிக்க முடியும். அந்தம்மா நேரத்தை மிச்சப்படுத்தித் தரத்தான் நினைச்சாங்க. ஆனா உதவிக்கு வர நினைச்சாலும் புருஷனுக்கோ பிள்ளைக்கோ உள்ள இடமில்ல. பின்னால வந்த பெண்ணியவாதிகள் இதைப் போட்டு வாங்கினாங்க.

நம்ம நிலைமை என்ன? மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, வீட்டுவேலை செய்யுற பெண்கள் ஒரு நாளைக்கு அதுக்குச் செலவழிக்கிறது 289 நிமிஷம். ஆண்கள் 88. 2021-ல வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படம் பார்த்திருப்பீங்க. சிங்க்குக் கீழ ஒழுகுற பைப்பைச் சரி பண்ண ஆள் கூப்பிடச் சொல்லிச் சொல்லியே அந்தப் பொண்ணு ஓய்ஞ்சு போவா. பட்ஜெட் படம் எடுத்த மாதிரியே இல்ல, நம்ம வீட்டுக்குள்ள கேமரா வச்ச மாதிரி இருக்கும்.

அதனால 'எல்' ஷேப்போ, எதிரெதிர் மேடையோ, நடுவுல நாலடி விடுங்க. ரெண்டு பேர் முதுகு இடிக்காம நிக்கலாம். ஹாலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவுல ஒரு ஜன்னல் மாதிரி திறப்பு விட்டா, உள்ள நிக்கிறவங்களுக்கு கிரிக்கெட் ஸ்கோராவது காதுல விழும். காசு பத்தலைன்னா? சிம்னி, இழுத்தா வர்ற கூடை, கண்ணாடிக் கதவு, கலர் லைட் எல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சும் மாட்டலாம். மேடை உயரம், குழாய், வாட்டம், பிளக் பாயின்ட், தரையோர ஓட்டை, மீன் கழுவுற இடம் இதெல்லாம் கட்டும்போதே முடிக்கணும். பட்ஜெட்டை இந்த ஆர்டர்ல எழுதி அப்பாகிட்ட நீட்டுங்க, மாமா எத்தனை கேட்லாக் கொண்டுவந்தாலும் சரி.

சுவர் எழும்புறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் சைட்டுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. தரையில அடுப்பு இங்க, சிங்க் இங்க, ஃப்ரிட்ஜ் இங்கன்னு நிஜ அளவுல கோடு போட்டு, சும்மா ஒரு மீன்குழம்பு வைக்கிற மாதிரி நடந்து பார்க்கச் சொல்லுங்க. "இந்தத் தொட்டி அந்தாண்ட போகட்டும்"னு அவங்களே சொல்வாங்க. அழிச்சுட்டு மறுபடி போடுங்க. சாக்பீஸ் காலேஜ்லயே கிடைக்கும்.