மேலே இருப்பவர் யார்?

தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்குத் தனது மேற்பார்வையாளரைத் தெரியும். நுண்கடன் பெற்ற பெண்ணுக்கு வாரந்தோறும் படலையில் வந்து நிற்கும் கள உத்தியோகத்தரைத் தெரியும். அவர்களுக்கு மேலே முடிவெடுப்பவர் யார்? வன்னிக் கிராமங்களில் நான் சந்திக்கும் பெண்களில் பலருக்கு இது தெரியாது. கடனுக்குத் தவணை கேட்டவர்கள் ‘மேலிடத்து உத்தரவு’ என்ற ஒரே பதிலோடு நின்றுவிடுகிறார்கள்.

யாருக்குக் கீழ் யார் வேலை செய்கிறார் என்பதைக் காட்டுவது நிறுவன அமைப்பு வரைபடம் ஆகும். 1855 இல் அமெரிக்காவின் நியூயோர்க் - ஈரி புகையிரதக் கம்பனிக்காக டானியல் மெக்கலம் என்பவர் தயாரித்த வரைபடம் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. மரம் போன்ற அப்படத்தில் தலைவரும் பணிப்பாளர்களும் வேரிலும், ஊழியர்கள் கிளைகளிலும் இருந்தனர். அது கம்பனி தனது நிர்வாகத்துக்காக வரைந்த படம்.

இன்று கம்பனிக்கு வெளியில் இருப்பவர்களும் ஒன்றுசேர்ந்து இணையத்தில் இத்தகைய படங்களை வரைகின்றனர். அமெரிக்காவில் 2009 இல் தொடங்கப்பட்ட ‘லிட்டில்சிஸ்’ அவற்றுள் ஒன்று. ஜோர்ஜ் ஓர்வெல்லின் நாவலில் மக்களைக் கண்காணிக்கும் ‘பெரிய அண்ணன்’ வருவார். அதற்கு எதிராக, அதிகாரத்தில் உள்ளவர்களைக் கீழிருந்து கவனிக்கும் ‘சின்னத் தங்கை’ என்பதே இப்பெயரின் பொருள். ஒருவர் எந்தெந்தப் பணிப்பாளர் சபைகளில் இருக்கிறார், எந்த அரசியல்வாதிக்கு நிதி கொடுத்தார் என்பவற்றை இதில் பார்க்கலாம். பதிவு செய்துகொள்ளும் எவரும் தகவல் சேர்க்கலாம். ஆயினும் ஒவ்வொரு தொடர்புக்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

எமக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. 2019 இல் ஆடைத் தொழிற்சாலைகளுக்காகத் தொடங்கப்பட்ட திறந்த பதிவேடு, 2022 முதல் ‘ஓப்பன் சப்ளை ஹப்’ என்ற பெயரில் இயங்குகிறது. இலங்கைத் தொழிற்சாலைகளும் இதில் உள்ளன. தொழிற்சாலையின் பெயரைத் தேடினால், அதைத் தமது பட்டியலில் சேர்த்துள்ள நிறுவனங்களைக் காணலாம். உள்ளூரில் கேட்கப்படாத முறைப்பாட்டை வேறு எங்கே கொண்டுசெல்லலாம் என்பதற்கு அது வழிகாட்டும்.

பலர் சேர்ந்து எழுதுவதால் பிழைகளும் பழைய தகவல்களும் இருக்கக்கூடும். எனவே சரிபார்த்தே பயன்படுத்த வேண்டும்.

கணனி இல்லாவிட்டாலும் இதை நாமே செய்யலாம். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரிய தாளை விரியுங்கள். கள உத்தியோகத்தர், கிளை முகாமையாளர், பிராந்திய முகாமையாளர், தலைமை அலுவலகம், பணிப்பாளர் சபை என்று கீழிருந்து மேலாக எழுதுங்கள். பற்றுச்சீட்டிலும் கடன் ஒப்பந்தத்திலும் உள்ள பெயர்களையும் முகவரிகளையும் நிரப்புங்கள். ஒருத்திக்குத் தெரியாதது மற்றவளுக்குத் தெரிந்திருக்கும். பணிப்பாளர்களின் பெயர்களைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அதற்கு இடமளிக்கிறது.

பின்னர் உங்கள் கோரிக்கையை எழுத்தில், உரியவரின் பதவியைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியொன்றைச் சங்கக் கோவையில் வைத்திருங்கள்.