ஒளிப்படத்தில் ஒளியின் திசை

ஒளிப்படவியலில் ஒளியின் திசை என்பது, படமெடுக்கப்படும் ஆள் அல்லது பொருளின் மீது ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதைக் குறிக்கும். திசை மாறினால் நிழல் விழும் இடமும் மாறும். ஒரே முகம் ஒரு படத்தில் சாந்தமாகவும் மற்றொன்றில் கடுமையாகவும் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

நேர் முன்னாலிருந்து வரும் ஒளியில் முகம் தெளிவாக, ஆனால் தட்டையாகத் தெரியும். கடவுச்சீட்டுப் படத்திற்கு அது போதும். பின்னொளி ஆளை நிழலுருவாக்கும்.

விளக்கை ஏறத்தாழ 45 பாகை பக்கவாட்டில், கண்மட்டத்திற்கு மேலே வைத்தால் முகத்தின் ஒரு பாதி நிழலுக்குள் செல்லும். மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலைத் தொடும்போது, அந்தப் பக்கக் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக வெளிச்சம் நிற்கும். டச்சு ஓவியர் ரெம்பிரான்ட் (1606–1669) வரைந்த உருவப்படங்களை நினைவூட்டுவதால் இது ரெம்பிரான்ட் ஒளியமைப்பு எனப்படுகிறது. முகத்திற்கு ஆழமும் சிந்தனைவயப்பட்ட சாயலும் தருவது இது.

கதிரவனும் வீட்டு விளக்குகளும் மேலிருந்தே ஒளிர்வதால், மேலிருந்து விழும் ஒளிக்கு நம் கண் பழகியிருக்கிறது. கீழிருந்து ஒளி வந்தால் நிழல்கள் தலைகீழாகி, முகம் அச்சமூட்டும். சிறுவர்கள் டார்ச் விளக்கை முகவாய்க்குக் கீழே பிடித்துப் பயமுறுத்துவதும், திகில் படங்களின் உத்தியும் ஒன்றே. இப்படி எடுத்த படத்தைச் செய்தியில் பார்க்கும் வாசகர், குற்றமற்றவரையும் கொடியவராக எண்ணிவிடக்கூடும்.

இதைச் சோதிக்க ஒரு சன்னல் போதும். நண்பரைச் சன்னலருகே அமர்த்தி, அவர் மெல்லத் திரும்பத் திரும்பக் கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். வேறு விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.