கட்டுமரமும் அலைப்பலகையும்

பண்டமாரானை அடுத்துள்ள கிள்ளான் துறைமுகம், 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹம் என வழங்கிற்று. ரஜூலா முதலிய கப்பல்களில் வந்து இத்துறையில் இறங்கிய தமிழர் பலர். நாகையிலோ சென்னையிலோ கப்பலேறிய அவர்தம் கண்ணுக்குப் பழகிய காட்சிகளுள் ஒன்று, அலையோடு ஏறி இறங்கும் கட்டுமரம். இங்கோ கடல் அமைதியானது. கேத்தாம் தீவும் இண்டா தீவும் அலையாத்திக் காடுகளும் அலையின் வேகத்தைத் தடுத்து நிற்கின்றன. ஆகவே, அலைமீது மரம் செலுத்தும் கலை இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகச் செய்தியாகவே நின்றுவிட்டது.

பகாங் மாநிலத்துச் செராத்திங்கில் நிலை வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அங்கே அலையை எழுப்புகிறது. இளைஞர் ஒற்றைப் பலகைமீது நின்றவாறே அலையின் சரிவில் விரைகின்றனர். இதுவே அலைச்சறுக்கு. தமிழகத்திலும் இவ்விளையாட்டு வேரூன்றிவிட்டது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-இல் இதற்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது.

இப்பலகையை எப்பொருளால், எம்முறையில் செய்வது என்பது இன்று அத்தொழிலார் முன் நிற்கும் வினா. அதற்குரிய விடையின் ஒரு பகுதி 'கட்டுமரம்' என்னும் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

கட்டும் அவிழ்ப்பும்

சோழமண்டலக் கரையில் வழங்கிய கட்டுமரத்தை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் குறித்துள்ளார். அச்சொல் பின்னர் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' எனத் திரிந்து, இரட்டை உடல் கொண்ட கலத்தைக் குறிக்கலாயிற்று. பெயர் நிலைத்தது, 'கட்டுதல்' என்னும் பொருள் மறைந்தது.

கட்டுமரத்துக்கு உட்குழிவு இல்லை. ஆதலால் நீர் நிரம்பி அமிழும் அச்சமும் இல்லை. மேலே விழும் அலைநீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். அல்பீசியா, மலைவேம்பு, இலவு போன்ற எடை குறைந்த மரங்களே இதற்கு ஏற்றவை. ஆயின், இத்தகைய மரம் நீரைக் குடிக்கும், குடித்தால் கனக்கும். எனவே மீனவர் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர்; மறுமுறை கடலுக்குச் செல்லுங்கால் மீண்டும் கட்டுவர். ஒரு மரம் பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றினால் போதும். உளுத்த மரம் மண்ணோடு மண்ணாகும்.

மரம் நுரையான வரலாறு

அலைப்பலகையின் தாயகம் ஹவாய்த் தீவுகள். அங்கே விலிவிலி, கோவா முதலிய மரங்களைச் செதுக்கிப் பலகை செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்மரப் பலகைகள் 40 கிலோ வரை எடையிருந்தன. அமெரிக்கரான டாம் பிளேக் உட்குடைவான பலகையை அமைத்து 1932-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் மிக இலேசான பால்சா மரம் வந்தது. அது நீர் குடியாதிருக்க, கண்ணாடி நாரிழைத் துணியைப் பிசினால் ஒட்டி மேற்றோல் அமைத்தனர். 1958-இல் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பால்சாவுக்கு மாற்றாகப் பாலியூரித்தேன் நுரையைக் கொணர்ந்தனர். இன்று சிறிய பலகையொன்றின் எடை ஏறத்தாழ 3 கிலோதான்.

ஆளுக்கேற்ற அளவு

சட்டை தைப்பவர் உடலை அளப்பதுபோல், பலகை செய்வோர் ஏறுபவரின் எடையையும் பயிற்சியையும் அவர் நாடும் அலையையும் கேட்டறிவர். பலகையின் கனஅளவை லிட்டரில் கணக்கிடுவர். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ளது. ஆதலால் 30 லிட்டர்ப் பலகை 70 கிலோ மனிதரை அசையாத நீரில் முழுமையாகத் தாங்காது. விரைவு கூடியதும் அடிப்புறத்தில் மோதும் நீரே அவரை மேலே தூக்கி நிறுத்துகிறது. அடிப்புறத்தின் வளைவிலும் விளிம்பின் கூர்மையிலும் கைவினைஞர் அத்துணைக் கருத்துச் செலுத்துவது இதனாலேயே.

வந்துற்ற இடர்கள்

இத்தொழிலின் குறை ஒரே நாளில் வெளிப்பட்டது. அமெரிக்கப் பட்டறைகளுக்கு வேண்டிய நுரைக்கட்டைகளில் பெரும்பகுதியைத் தந்துவந்த கிளார்க் நிறுவனம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென மூடப்பட்டது. ஒரே ஊற்றை நம்பிய கைவினைஞர் கையறு நிலை எய்தினர். அந்நுரை செய்யப் பயன்படும் வேதிப்பொருள் நச்சுடையது. பாலியெஸ்டர் பிசினின் ஆவியும் மூச்சுக்குக் கேடு. பின்னர் பாலிஸ்டைரீன் நுரையும் எப்பாக்சிப் பிசினும் மிகுதியாக வழக்கில் வந்தன. ஒருபுறம் கணினிப் பொறிகள் செதுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொண்டன. மறுபுறம் தாய்லாந்தின் சோன்புரியில் உள்ள கோப்ரா ஆலை போன்றவை அச்சில் வார்த்த பலகைகளை உலகெங்கும் அனுப்புகின்றன.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. நுரையும் கண்ணாடி நாரும் பிசினும் ஒருமுறை இறுகினால் பிரிக்க முடியாதவை. முறிந்த பலகை மட்குவதில்லை. உருக்கி மறுபடி வார்க்கவும் இயலாது.

கட்டுமரத்துக்கும் இதே கதி நேர்ந்துவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அழிவு செய்தபின், நிவாரணமாகக் கண்ணாடி நாரிழைப் படகுகள் ஏராளமாக வழங்கப்பட்டன. 'பைபர் கட்டுமரம்' என்று ஒன்றும் வழங்குகிறது. உள்ளே தெர்மக்கோல் நுரை. மேலே நாரிழைத் தோல்! அலைப்பலகையின் அமைப்பும் அதன் அமைப்பும் ஒன்றே. அது விரைவானது, உலர்த்த வேண்டாதது. மீனவர் அதனை விரும்பியதில் பிழை காண இயலாது. ஆனால் அதில் அவிழ்க்கக் கட்டில்லை. பெயரில் மட்டுமே அது கட்டுமரம்.

வருங்காலம்

இனி வரும் முயற்சிகள் மூவகை. முதலாவது, மரத்துக்கு மீளுதல். 1917-இல் ஹவாயில் நடப்பட்ட அல்பீசியா இன்று அங்கே காடழிக்கும் களையாகப் பெருகியுள்ளது. அதனை வெட்டிப் பலகை செய்வோர் அங்கு உளர். மலேசியத் தோட்டப்புறத்தார் 'பத்தாய்' என அறிந்த மரமே அது. இரண்டாவது, கண்ணாடி நாருக்கு மாற்றாக ஆளிச்செடி நாரைப் பயன்படுத்துதல். மூன்றாவது, பிரியக்கூடிய பிசின். அமெரிக்காவின் கன்னோரா நிறுவனம் ஆக்கிய 'ரீசைக்ளமின்' என்னும் இறுக்கியை எப்பாக்சியோடு கலந்தால், இறுகிய பிசினும் வெதுவெதுப்பான அசெட்டிக் அமிலத்தில் கரையும். நாரைத் தனியே மீட்கலாம். காடியில் உள்ள புளிப்பே அவ்வமிலம். இம்முறையைப் பின்னர் ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கிற்று.

இவற்றுக்கும் குறையுண்டு. மரப்பலகை கனமானது, செய்ய நாள் பிடிக்கும். கரையும் பிசினைத் திரட்டிக் கரைக்கும் நிலையம் அருகில் இல்லையெனில், அதுவும் குப்பையையே சேரும். ஆயினும் திசை தெளிவாகிவிட்டது. இலேசாயிருத்தலும் வலிவாயிருத்தலுமே போதுமென்று எண்ணிய காலம் போயிற்று. பயன் முடிந்தபின் பிரியவும் வேண்டும் என்பது மூன்றாம் இலக்கணமாகச் சேர்ந்துள்ளது.

சோழமண்டலக் கரையின் மீனவர் நாள்தோறும் செய்து வந்தது இதுவே. 'கட்டுமரம்' என்பதனை வினைத்தொகை என்று வகுப்பில் கூறுமிடத்து, கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அதில் அடங்குவதை ஆசிரியர் விளக்குவர். அதை அவிழ்த்து உலர்த்திய மீனவரின் அறிவையும் உடன் கூறுதல் நன்று. அலைப்பலகை செய்வோர் இன்று ஆய்வுக்கூடங்களில் தேடுவது அவ்வறிவையே.